கடலுக்கு எதற்குக் கார்? யுகாட்டானில் வாடகை வண்டி எடுப்பதும் எடுக்காததும்

மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்துக்கு மூன்று முறை போயிருக்கிறோம். முதல் முறை ஏழு நாளும் வாடகைக் கார். இரண்டாம் முறை பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் மனைவியும் மட்டும் போனோம். காரே எடுக்கவில்லை, பஸ்ஸும் வேனும்தான். மூன்றாம் முறை ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். அந்தத் தடவை பாதி நாள் கார், பாதி நாள் இல்லை. நாங்கள் இருப்பது ஹூஸ்டனில். அங்கிருந்து யுகாட்டானில் இருக்கும் கன்கூனுக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். அதனால் தெரிந்தவர்கள் யார் டிசம்பர் லீவுக்கு அங்கே கிளம்பினாலும் என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும்: "கார் எடுக்கணுமா, வேண்டாமா?"

என் பதில் இது: கடற்கரைக்குக் கார் வேண்டாம். உள்நாட்டுக் காட்டுப் பக்கம் கார் இல்லாமல் போகாதீர்கள். பழைய மாயா நாகரிக நகரமான சிச்சென் இட்சா ஒன்றுக்காக மட்டும் என்றால் எதில் போனாலும் சரிதான். "ஒரு கேள்விக்கு மூன்று பதிலா?" என்று முறைக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கன்கூனிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே போவது 307ஆம் நெடுஞ்சாலை. அதில் ஏறக்குறைய 70 கி.மீ. போனால் பிளாயா தெல் கார்மென், 130 கி.மீ. போனால் துலும். இன்னும் கீழே பகலார் ஏரி, அதற்கும் அப்பால் பெலீஸ் எல்லை. கன்கூனிலிருந்து மேற்கே திரும்பினால் வயதோலித், பிறகு சிச்சென் இட்சா (சுமார் 200 கி.மீ.), கடைசியாக மெரிடா நகரம். மெரிடாவுக்குத் தெற்கே 80 கி.மீ. தூரத்தில் உஷ்மால் என்ற மாயா நகர இடிபாடு. அதற்கும் கீழே, காம்பெச்சே மாநிலக் காட்டுக்குள் காலக்முல் என்ற இன்னொரு மாயா நகரம். கரையோரம் முழுக்கச் சுற்றுலா. அதனால் எங்கே கையை நீட்டினாலும் ஏதோ ஒரு வண்டி நிற்கும். உள்ளே போகப் போக வண்டிகள் குறையும், கூட்டமும் குறையும், கட்டடங்கள் அழகாகிக்கொண்டே போகும்.

கரையோரம்: நின்றே தேய்ந்த கார்

முதல் பயணத்தில் விமான நிலையத்திலேயே காரை எடுத்து பிளாயா தெல் கார்மெனில் தங்கினோம். ஏழு நாளில் கார் ஓடியது மூன்றே நாள். மீதி நான்கு நாளும் ஹோட்டல் பக்கத்தில் இருந்த கட்டண பார்க்கிங்கில் வெயில் காய்ந்துகொண்டு நின்றது. கடற்கரைக்கு நடந்து போனோம். கோசுமேல் தீவுக்கு ஊரிலிருந்தே படகு. முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒருநாள் காரில் துலும் கடற்கரை ஹோட்டல்கள் இருக்கும் சாலைக்குப் போனோம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஹோட்டல் மதில், நடுவில் ஒற்றையடிப் பாதையைக் கொஞ்சம் அகலமாக்கியது போல ஒரு தார்ச்சாலை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி போனது. பின்சீட்டில் இருந்த சின்னவள், "அப்பா, கடல் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள்.

துலும் இடிபாடு கடலைப் பார்த்த பாறை மேல், மதில் சூழ நிற்கும் சின்னத் துறைமுக நகரம். பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். அங்கேயும் வண்டியை வெளியே விட்டுவிட்டு நடக்கத்தான் வேண்டும். பிளாயாவிலிருந்து கொலக்தீவோ என்ற வெள்ளை வேன்கள் 307இல் நாள் முழுக்க ஓடுகின்றன. ஆள் சேர்ந்ததும் கிளம்பும், கேட்ட இடத்தில் இறக்கிவிடும். நம்மூர் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் சொகுசாக வேண்டுமென்றால் ஏடிஓ பஸ். விமான நிலைய வாசலிலிருந்தே பிளாயாவுக்கு நேராக வண்டி உண்டு. அதில் ஏசியை என்ன கணக்கில் வைக்கிறார்களோ, கையோடு ஒரு சால்வை இருக்கட்டும்.

கரையோரத்தில் கார் வேண்டும் என்பவர்கள் சொல்லும் ஒரு நல்ல காரணம் சர்காசம். பழுப்பு நிறக் கடற்பாசி. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அலை அலையாக வந்து கரீபியன் கரையில் ஒதுங்கி, அழுகி, முட்டை நாற்றம் அடிக்கும். கார் இருந்தால் வேறு கரைக்கு ஓடிவிடலாமே என்கிறார்கள். ஓடலாம்தான். ஆனால் அந்தப் பாசி அதிகம் எட்டாத இடங்களில் பக்கத்தில் இருப்பவை இஸ்லா முஹேரெஸ் தீவின் வடகரையும் கோசுமேலின் மேற்குக் கரையும். இரண்டுக்கும் படகுதான். ஓல்போஷ் தீவுக்குள் வெளிவண்டியே கிடையாது. சிகிலா என்ற ஊரில் காரைக் காசு கொடுத்து நிறுத்திவிட்டுப் படகேற வேண்டும். கடலில் குளிப்பதுதான் நோக்கம் என்றால் கார் எப்போதும் ஏதாவது ஒரு படகுத்துறையில் நம்மைப் பிரிந்து நின்றுகொண்டேதான் இருக்கும்.

சிச்சென் இட்சா: எல்லாரும் போகும் இடம்

இங்கே போக நான்கு வழி: சுற்றுலா பஸ், ஏடிஓ, புது ரயில், சொந்தமாக ஓட்டும் கார். நான்கில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. எப்போது போய்ச் சேருகிறீர்கள் என்பதுதான் முக்கியம். வாசல் காலை 8 மணிக்குத் திறக்கிறது. கன்கூனிலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் வந்து கொட்டும். அதற்கப்புறம் குகுல்கான் பிரமிடுக்கு முன்னால் நின்று படம் எடுத்தால் நம் குடும்பத்தோடு இன்னும் நாற்பது பேர் இருப்பார்கள். நிழலும் கிடையாது. பிரமிடில் ஏற இப்போது அனுமதி இல்லை. ஒரு பக்கத்துக்கு 91 படி, நாலு பக்கமும் சேர்த்து 364, உச்சி மேடையோடு 365 என்ற நாள்கணக்கைக் கீழிருந்தே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. கன்கூன் இருக்கும் கின்தானா ரோ மாநிலம் 2015இல் இருந்து தனி நேரத்தில் ஓடுகிறது. சிச்சென் இட்சா இருக்கும் யுகாட்டான் மாநிலம் அதைவிட ஒரு மணி நேரம் பின்னால். காலை 6 மணிக்குக் கன்கூனில் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஓட்டினால், அங்கே கடிகாரம் ஏழரைதான் காட்டும். போகும்போது இனாமாகக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை வரும்போது வட்டியில்லாமல் திருப்பிக் கேட்பார்கள். முதல் பயணத்தின் கடைசி நாளில் இதை மறந்துவிட்டோம். உள்ளூர் நேரம் ஒரு மணிக்குச் சாவகாசமாகச் சாப்பிட்டுக் கிளம்பி, ஐந்து மணிக்குள் காரை ஒப்படைத்துவிடலாம் என்று வந்தால், வழியில் போன் தானாக ஒரு மணி நேரம் தாவியது. தாமதத்துக்கு ஒரு நாள் வாடகையைக் கூட்டிப் போட்டார்கள். வாதாடிப் பார்த்தேன். "ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்று ஒரே பதில், இருக்கத்தான் செய்தது.

இரண்டாம் பயணத்தில் முந்தின இரவே வயதோலித்துக்கு பஸ்ஸில் போய்த் தங்கிவிட்டோம். சின்ன ஊர், சதுக்கத்தைச் சுற்றிப் பழைய வீடுகள், ஊருக்கு நடுவிலேயே ஒரு செனோட்டே. செனோட்டே என்றால் சுண்ணாம்புப் பாறை இடிந்து விழுந்து, அடியில் நிலத்தடி நீர் தெரியும் பள்ளம். மாயா மொழியின் ட்சோனோத் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். காலையில் வேன் பிடித்து முக்கால் மணி நேரத்தில் சிச்சென் இட்சா வாசலில் நின்றோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர்தான். காரில் விடிகாலை எழுந்து ஓடியதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. ஆக, இங்கே காரைவிட முந்தின இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் பெரிய முடிவு.

சுற்றுலா பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, ஒரு செனோட்டேயில் முக்கி எடுத்து, இரவு கொண்டுவந்து விடுகிறார்கள். நடக்க முடியாதவர்களோடு, ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மோசமில்லை. நடுவில் கைவினைக் கடை ஒன்றில் நாற்பது நிமிடம் நிறுத்துவார்கள். கழிவறை கடையின் கடைசிக் கோடியில் இருக்கும்.

உஷ்மாலுக்கு அப்பால்: கார் சம்பாதிக்கும் இடம்

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மெரிடாவுக்குத் தெற்கே தீபகற்பத்தின் தட்டை நிலம் கொஞ்சம் மேடு தட்டும். பூக் என்றால் மாயா மொழியில் குன்று. அந்தக் குன்றுப் பகுதியில் உஷ்மால், கபா, சாயில், லப்னா என்று வரிசையாகப் பழைய நகரங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் கால் மணி, அரை மணி நேரம். இரண்டாம் பயணத்தில் மெரிடாவிலிருந்து பஸ்ஸில் உஷ்மால் மட்டும் போனோம். பார்த்து முடித்து, திரும்பும் பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கபா அங்கிருந்து இருபது கி.மீ. சொச்சம்தான். போக வழியில்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில்தான், "அடுத்த தடவை இந்தப் பக்கத்துக்கு மட்டும் கார்" என்று மனைவி தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாம் பயணத்தில் அதைத்தான் செய்தோம். கன்கூனிலிருந்து மெரிடாவுக்கு பஸ், நாலு மணி நேரம். மெரிடா நகரத்துக்குள்ளேயே ஒரு கடையில் மூன்று நாளைக்குக் கார். எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்ததால் ஒருவழிக் கட்டணம் என்ற தண்டம் இல்லை.

உஷ்மாலில் மந்திரவாதி பிரமிடு என்று ஒன்று இருக்கிறது. மற்றப் பிரமிடுகளைப் போலச் சதுரமாக இல்லாமல் மூலைகள் உருண்டு, நீள்வட்டமாக எழும். அதைவிட எனக்குப் பிடித்தது கபாவில் இருக்கும் முகப்பு. சாக் என்ற மழைக்கடவுளின் முகம், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். நீண்டு வளைந்த மூக்கு. அம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிள்ளையார் இல்லம்மா அது" என்றேன். "தெரியும்டா. மழை சாமின்னு நீதானே சொன்னே? மழைக்குக் கும்பிடக் கூடாதா?" என்றார். தஞ்சாவூர்க்காரர். காவிரியில் தண்ணீர் வராத வருஷங்களைப் பார்த்தவர்.

அந்தக் குன்றுப் பகுதியில் ஆறு இல்லை, செனோட்டேயும் கிட்டத்தட்ட இல்லை. வீட்டு முற்றத்துக்கு அடியில் சுல்தூன் என்ற பானை வடிவத் தொட்டிகளைக் குடைந்து, மழைநீரை இறக்கி வைத்துத்தான் ஆயிரக்கணக்கான பேர் வாழ்ந்திருக்கிறார்கள். எந்தக் கடவுளின் முகம் சுவரை நிறைக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. லப்னாவில் நாங்கள் போன நேரத்தில் எங்களைத் தவிர இருந்தது இரண்டு பேரும் உடும்பு மாதிரி ஏராளமான இகுவானாக்களும்தான். இதையெல்லாம் நம் வேகத்தில், அம்மா உட்கார்ந்தால் உட்கார்ந்து, எழுந்தால் எழுந்து பார்க்க முடிந்ததற்குக் கார்தான் காரணம்.

கவுண்டர் கதை

காருக்கு எதிராக இருக்கும் பெரிய விஷயம் சாலையே இல்லை, வாடகைக் கவுண்டர்தான். முதல் பயணத்துக்கு இணையத்தில் நான் பார்த்த விலை ஒரு நாளைக்கு 11 டாலர். கவுண்டரிலிருந்து எழுந்து வந்தபோது அது 46 ஆகியிருந்தது. ஏமாற்று என்று முழுசாகச் சொல்ல முடியாது. மெக்சிகோவில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது. அமெரிக்க கிரெடிட் கார்டு தரும் காப்பீடு நாம் ஓட்டும் காருக்கு வரும் சேதத்துக்குத்தான். எதிரே வருபவருக்கு வரும் சேதத்துக்கு அது உதவாது. விபத்தில் யார் பொறுப்பு என்று முடிவாகும் வரை ஓட்டியவரை நிறுத்தி வைக்கவும் முடியும் என்பதால், அந்தக் காப்பீட்டில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். இணையத்தில் காட்டும் மலிவு விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. சேர்த்து விலை சொல்லும் கடையைத் தேடி, மொத்தம் இவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு போனால் கவுண்டரில் வாய்ச்சண்டை மிச்சம். மூன்றாம் பயணத்தில் நான் அதைத்தான் செய்தேன்.

முழுக் காப்பீடு வேண்டாம் என்றால் கார்டில் பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள், கடன் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு இயந்திரம் டாலரா, மெக்சிகோ நாணயமான பேசோவா என்று கேட்டால் பேசோ. வண்டியை வாங்கும்போது சுற்றிலும் வீடியோ எடுங்கள். பம்பரின் அடிப்பக்கம், கண்ணாடி, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம். முதல் தடவை நான் கதவுகளை மட்டும் படம் எடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கடைக்காரர் நேராகக் குனிந்து பம்பருக்குக் கீழேதான் பார்த்தார். 90 டாலர். அந்தக் கீறலை நான் போட்டேனா, எனக்கு முன்னால் ஓட்டியவர் போட்டாரா என்று இன்றைக்கும் தெரியாது.

சாலை

சாலை எப்படி என்று கேட்டால், நல்ல சாலை. தீபகற்பம் மேசை மாதிரி தட்டை. சாலை நூல் பிடித்தது போல் போகும். இருபக்கமும் குட்டைக் காடு. 180டி என்ற சுங்கச் சாலையில் ஒரே ஆபத்து தூக்கம். கட்டணம் சில நூறு பேசோ ஆகும், ரொக்கமாக வைத்திருங்கள். நடுவில் நெடுந்தூரத்துக்கு பங்க் கிடையாது.

இலவசச் சாலையில் போனால் ஊர்களுக்குள் புகுந்து போகலாம். அங்கேதான் தோப்பே வரும். பெயரைக் கேட்டால் தென்னந்தோப்பு மாதிரி குளுமையாக இருக்கிறது. உண்மையில் அது வேகத்தடை. நம்மூரில் பார்க்காததா என்று நினைத்தேன். இது வேறு ஜாதி. சில ஊரில் பலகை இருக்கும், சில ஊரில் இருக்காது. மரநிழலில் கருப்புத் தார் மேல் கருப்பு மேடு. முதல் நாள் கோபா என்ற மாயா இடிபாட்டுக்குப் போகும் வழியில் அறுபதில் ஒன்றின் மேல் ஏறினேன். கூரையில் தலை இடித்தது, டிக்கியில் தர்பூசணி உடைந்தது. அப்புறம்தான் உள்ளூர்க்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்: ஊர் தொடங்கும் இடத்தில் முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். தோப்பேயால் ஒரு நன்மையும் உண்டு. எல்லா வண்டியும் தவழும் இடம் என்பதால் அங்கே தோல் சீவிய ஆரஞ்சும், மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்ட மாங்காயும் விற்பார்கள். மெரினா நினைவு வந்து ஒரு கவர் வாங்கினோம். காரத்தில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

307இல் இடது பக்கம் போக வேண்டுமானால் சட்டென்று திரும்ப முடியாது. தாண்டிப் போய், ரெதோர்னோ என்று எழுதிய இடத்தில் வளைந்து திரும்பி வர வேண்டும். சிவப்பு எண்கோணப் பலகையில் 'ஆல்தோ' என்று இருக்கும். மாருதி கார் ஞாபகம் வந்தாலும் நிற்க வேண்டியது நாம்தான். முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால், "எதிரே காலி, தாண்டிப் போ" என்று பொருள். நம்மூர் லாரிக்காரர் கையை வெளியே நீட்டிச் செய்யும் அதே சைகை. சிக்கல் என்னவென்றால், சில நேரம் அந்த லாரி நிஜமாகவே இடது பக்கம் திரும்பப் போகிறது. நான் இரண்டு வண்டிகள் தாண்டும் வரை பொறுத்துத்தான் தாண்டுவேன்.

பெட்ரோல் பங்கில் நாமே போடுவது கிடையாது. ஆள் வந்து போடுவார். பச்சைக் குழாய் மாக்னா, அதுதான் சாதாரண பெட்ரோல். "சீரோ பாத்துக்குங்க சார்" என்று நம்மூரில் சொல்வார்களே, அதை அங்கே நாம்தான் சொல்ல வேண்டும்: "செரோ". கண்ணாடி துடைத்தால் பத்து பேசோ கொடுங்கள்.

இருட்டில் மட்டும் ஓட்டாதீர்கள். கொள்ளைக்காரன் பயம் எனக்கு அந்தப் பக்கத்தில் வந்ததில்லை. விளக்கில்லாத மூன்றுசக்கர மிதிவண்டி, மாடு, தோப்பே இந்த மூன்றும்தான் பயம். நெடுஞ்சாலையில் வண்டி படுத்துவிட்டால் 078க்குப் போன் செய்யலாம். பச்சை தேவதைகள் என்ற பெயரில் அரசு நடத்தும் இலவசப் பழுது உதவி. மாநில எல்லைகளில் காவல்சாவடி இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். போலீஸ்காரர் யாராவது அபராதத்தை அங்கேயே கையில் கேட்டால், சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள், நிலையத்தில் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

இந்தியாவிலிருந்து நேராக வருபவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர்தான் ஓடும். இருபது மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்த கையோடு விமான நிலையத்தில் சாவி வாங்காதீர்கள். கரையோரத்தில் இரண்டு நாள் தூங்கி எழுந்து, பிறகு மெரிடா மாதிரி ஓர் ஊரில் ஆட்டோமேட்டிக் வண்டியாக எடுங்கள். ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தால் கவுண்டரில் கேள்வி குறையும்.

கோபாவைச் சொல்லிவிட்டு அங்கே இருக்கும் சாலைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. சக்பே, வெள்ளை வழி என்று பெயர். கல்லடுக்கி, மேலே சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, தரையைவிட உயர்த்திப் போட்ட பாதைகள். கோபாவிலிருந்து யாஷுனா என்ற இன்னொரு மாயா நகரம் வரை போகும் ஒன்று மட்டும் ஏறக்குறைய 100 கி.மீ. நீளம். மூன்றாம் பயணத்தில் இதை அம்மாவுக்கு விளக்கினேன். "இவ்வளவு ரோடு போட்டவங்க என்ன வண்டிடா ஓட்டினாங்க?" வண்டியே இல்லை, இழுக்க மாடும் குதிரையும் இல்லை, எல்லாம் நடைதான் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதான் தோப்பே இல்ல" என்றார்.

ரயிலும் டிரைவரும்

மாயா ரயில் 2023 டிசம்பரில் காம்பெச்சே–கன்கூன் பகுதியோடு தொடங்கி, 2024 டிசம்பரில் முழுச் சுற்றும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 1,550 கி.மீ. காட்டை வெட்டி, நிலத்தடிக் குகைகளுக்குள் தூண்களை இறக்கிக் கட்டியதால் அங்கே பெரிய எதிர்ப்பும் இருந்தது. பெட்டிகள் புதுசு, வசதி. நிலையங்கள்தான் ஊருக்கு வெளியே. வயதோலித்திலும் மெரிடாவிலும் இறங்கி ஊருக்குள் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகளும் கொஞ்சம்தான். கன்கூனிலிருந்து மெரிடா போக ஒருமுறை ஏறிப் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இடிபாடு இடிபாடாகச் சுற்ற அது உதவாது.

டிரைவரோடு வண்டி எடுத்துவிடலாமே என்று ஊரிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். கிடைக்கிறது. நம்மூர் விலையை நினைத்துக்கொண்டு கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆறேழு பேர் இருந்தால் தலைக்குப் பகிர்ந்து கட்டுப்படியாகலாம். தலைக்கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். பஸ்ஸும் சுற்றுலாவும் ஆளுக்கு இவ்வளவு, காரோ வண்டிக்கு இவ்வளவு. நாங்கள் இருவர் மட்டும் போனபோது பஸ் தெளிவாக மலிவு. ஐந்து பேராகப் போனபோது உள்நாட்டில் கார் பாதிச் செலவில் முடிந்தது. எதில் போனாலும் நுழைவுச் சீட்டு குறையாது. சிச்சென் இட்சாவில் மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு கட்டணம். வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 600 பேசோவைத் தாண்டும்.

வருகிற டிசம்பருக்கு நாங்கள் போட்டிருப்பது இப்படி: முதல் மூன்று நாள் இஸ்லா முஹேரெஸ், கார் இல்லை. பிறகு ஏடிஓவில் பகலார். அங்கே ஏரியில் ஒரு நாள் கிடந்துவிட்டு, பக்கத்தில் சேதுமால் நகரில் கார் எடுத்துக் காலக்முல். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து காட்டுக்குள் 60 கி.மீ. போகும் ஒடுங்கிய சாலை. உள்ளே பெட்ரோல் இல்லை, சாப்பாடு இல்லை, போன் சிக்னல் இல்லை. ஊளைக் குரங்குகளும், காட்டுக் கூரையைத் தாண்டி எழும் 45 மீட்டர் உயரப் பிரமிடும் இருக்கின்றன. ரயிலுக்குக் காலக்முல் என்று நிலையம் இருந்தாலும் அது நெடுஞ்சாலைப் பக்கத்தோடு சரி. அந்த 60 கி.மீ. அப்படியேதான் மிச்சம் இருக்கும். பகலாரிலிருந்து போய்ச் சேரவே நாலு மணி நேரம் பிடிக்கும், இருட்டுக்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும். அதனால் பக்கத்தில் தங்கித்தான் ஆக வேண்டும். ஒரு இரவா இரண்டா என்பதில்தான் வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை நடக்கிறது. நான் இரண்டு என்கிறேன். மனைவி, "ரெண்டு நாள் சிக்னல் இல்லாம உன் பெரிய பையனை யார் சமாளிக்கிறது?" என்கிறார்.